கொழும்பிலிருந்து நாகப்பட்டினம்: கப்பலில் போவதற்கு ஒரு முழு வழிகாட்டி

கொழும்பில் இருப்பவர்கள் இந்தியாவுக்குக் கப்பலில் போக வேண்டுமென்றால் முதலில் வடக்கே போக வேண்டும். இன்றைக்குக் கொழும்புத் துறைமுகத்தில் இருந்து தமிழ்நாட்டுக்கு வழக்கமான பயணிகள் கப்பல் இல்லை. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் ஓடும் கப்பல்தான் நமக்கு உள்ள வழி. கே.கே.எஸ். என்று நாம் சுருக்கிச் சொல்லும் காங்கேசன்துறை வரை தரைவழியாக 400 கிலோமீட்டருக்கு மேல், அங்கிருந்து கடலில் சுமார் 110 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 60 கடல் மைல். இந்த இரண்டையும் ஒழுங்காக இணைத்துக்கொண்டால் பயணம் அருமையாக அமையும். இணைக்காவிட்டால் யாழ்ப்பாணத்தில் பெட்டியோடு காத்திருக்க வேண்டி வரும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இது ஏன் முக்கியம் என்பது பிறகு புரியும். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலில் கொழும்புக் கோட்டைக்கு வந்து சேர முடிந்தது. போட் மெயில் என்று பாட்டன்மார் சொல்வது அதைத்தான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடியது. எண்பதுகளில் போர் வந்து அதுவும் நின்றது. 2011 ஜூனில் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பெரிய கப்பல் ஓடத் தொடங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நின்றது. 2023 அக்டோபர் 14இல் செரியபாணி என்ற கப்பல் நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு வந்தது. சில நாட்களிலேயே பருவமழையைக் காரணம் காட்டி அதையும் நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16இல் சிவகங்கை என்ற கப்பலோடு சேவை மீண்டும் தொடங்கியது. அதற்குப் பிறகும் மழைக்காலத்தில் நிறுத்தி, மறுபடி தொடங்கி என்றுதான் போகிறது.

ஆகவே, ஓடும் என்று நம்பித் திட்டம் போடுங்கள். ஓடாமல் போனால் என்ன செய்வது என்பதையும் அதே நாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் ஒவ்வொன்றுக்கும் இதுதான் அடிப்படை.

கப்பலா, விமானமா

எல்லோருக்கும் கப்பல் பொருத்தமில்லை. கொழும்பில் இருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. சென்னையில் ஒரு கல்யாணத்துக்கோ மருத்துவரிடம் காட்டவோ போகிறவர்கள் கட்டுநாயக்கவில் ஏறுவதே நல்லது. கப்பல் டிக்கெட்டோடு யாழ்ப்பாணம் போய்வரும் செலவையும் ஒரு நாள் சாப்பாட்டையும் சேர்த்தால், விமானக் கட்டணத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சில நேரம் கப்பலே கூடுதலாக வந்துவிடும்.

ஆனால் போகிற இடம் வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு, சிதம்பரம், திருவாரூர், தஞ்சாவூர் என்றால் கணக்கு மாறிவிடும். கப்பல் உங்களைக் கிட்டத்தட்டக் கோயில் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. நாகூர் தர்காவும் வேளாங்கண்ணிப் பேராலயமும் நாகப்பட்டினத்தில் இருந்து உள்ளூர் பஸ்ஸில் போகும் தூரம். கொட்டாஞ்சேனையில் இருந்தும் நீர்கொழும்பில் இருந்தும் வருடா வருடம் வேளாங்கண்ணிக்குப் போகிற குடும்பங்களுக்கு இதைவிட நேரான வழி கிடையாது. யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு அப்படியே அக்கரைக்குப் போய்வர நினைப்பவர்களுக்கும் கப்பல்தான் சரி.

எந்த மாதம் போவது

டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன் கலண்டரைப் பாருங்கள். பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். ஆழமில்லாத கடலில் காற்று பிடித்தால் அலை குட்டையாக, நெருக்கமாக, வெட்டி வெட்டி அடிக்கும். 150 பேர் அளவில் ஏற்றும் சிறிய விரைவுக் கப்பலுக்கு அது சுகமான அலை இல்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகி அடிக்கடி இந்தப் பக்கம் திரும்பும் காலம் அது. சேவையை நிறுத்துவதும் இந்த மாதங்களில்தான். கப்பல் ஓடினாலும் நான் இந்தக் காலத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன். ஜனவரியிலும் வாடைக் காற்றின் வால் மிச்சமிருக்கும். பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். வயதானவர்களை அழைத்துப் போக இதுவே நல்ல நேரம். மே மாதத்தில் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பி ஆகஸ்ட், செப்டெம்பர் வரை வீசும். அந்த மாதங்களிலும் போகலாம், ஆனால் கப்பல் ஆடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டெம்பர் 8இல் முடியும். அந்த நாட்களில் கடலைவிட நாகையில் தங்குமிடம் கிடைப்பதுதான் பெரிய பாடு. அதற்குப் போகிறவர்கள் கப்பல் டிக்கெட்டுக்கு முன்னமே அறையைப் பிடித்துவிடுங்கள்.

விசா: இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்

இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இந்தியாவுக்கு விசா எடுத்தாக வேண்டும். கப்பலில் போனாலும் அதே விதிதான். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும், முத்திரை குத்த வெற்றுப் பக்கங்களும் வேண்டும். புதிதாக எடுக்கவேண்டியவர்கள் பத்தரமுல்லை அலுவலக வேலையை விசாவுக்கு வெகு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

கவனமாக வாசிக்கவேண்டியது இதுதான். இந்தியாவின் இ-விசா எல்லா நுழைவாயிலிலும் செல்லாது. குறிப்பிட்ட சில விமான நிலையங்களிலும் குறிப்பிட்ட சில துறைமுகங்களிலும் மட்டுமே அதை வைத்து உள்ளே போக முடியும். அந்தப் பட்டியல் இந்திய அரசின் இ-விசா இணையதளத்தில் இருக்கிறது, அவ்வப்போது மாறவும் செய்கிறது. விண்ணப்பிக்கும் அன்றைக்கு அந்தப் பட்டியலைத் திறந்து நாகப்பட்டினம் என்ற பெயர் அதில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். முகவர் சொன்னார், சிநேகிதர் போய்வந்தார் என்பதெல்லாம் குடிவரவு மேசையில் செல்லாது. பெயர் இல்லையென்றால் கடவுச்சீட்டில் ஒட்டித்தரும் சாதாரண விசாவுக்குப் போங்கள். கொஞ்சம் கூடுதல் நாளும் அலைச்சலும் ஆகும், ஆனால் எந்த வாசலிலும் கேள்வி வராது. கப்பலில் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஒட்டும் விசாவைத்தான்.

இந்திய விசா விண்ணப்பம் நீளமானது. உட்காரும் முன் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: தாய் தந்தை இருவரின் பிறந்த இடமும் நாட்டுரிமையும், கடந்த பத்து வருடங்களில் நீங்கள் போன நாடுகள், கடந்த மூன்று வருடங்களில் போன சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாடுகள், பழைய இந்திய விசா இருந்தால் அதன் இலக்கம், இந்தியாவில் உங்களைத் தெரிந்த ஒருவரின் பெயரும் முகவரியும் தொலைபேசியும். லொட்ஜ் முகவரியையும் கொடுக்கலாம், சொந்தக்காரர் இருந்தால் இன்னும் நல்லது. படம் 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், வெள்ளைப் பின்னணி. ஸ்டூடியோவில் "இந்திய விசாவுக்கு" என்றே சொல்லுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டு அளவில் எடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்த வழியாக நுழைகிறீர்கள், எந்த வழியாக வெளியேறுகிறீர்கள் என்றும் படிவம் கேட்கும். கப்பல் என்று முடிவெடுத்துவிட்டால் அதில் சென்னை விமான நிலையம் என்று பழக்கத்தில் போட்டுவிடாதீர்கள்.

சிறுபிள்ளைகளுக்குத் தனிக் கடவுச்சீட்டும் தனி விசாவும் வேண்டும். தாய் தந்தை இருவரும் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம் கேட்பார்கள். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அந்தக் கடிதத்துக்கே சில வாரங்கள் ஓடிவிடும்.

கனடா, லண்டன் பக்கத்தில் இருந்து விடுமுறைக்கு வந்து, இங்கிருந்து கப்பலில் போய்த் திரும்ப நினைக்கும் உறவுகளுக்கும் ஒன்று. உங்கள் இலங்கை விசா மறுபடி உள்ளே வர இடம் தருகிறதா என்று போவதற்கு முன்பே பாருங்கள். இந்திய விசாவை உங்கள் நாட்டிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டிக்கெட்

விசா கையில் வந்த பிறகு டிக்கெட். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

கப்பல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே நேரடியாகப் பதிவு செய்யலாம். சாதாரண இருக்கை, அதைவிடக் கூடிய கட்டணத்தில் இன்னொரு வகுப்பு என இரண்டு உண்டு. நாலு மணி நேரப் பயணத்துக்குச் சாதாரண இருக்கை தாராளம். கட்டணமும் ஓடும் நாட்களும் இந்தச் சேவை தொடங்கியதில் இருந்து பலமுறை மாறியிருக்கின்றன. ஆகவே வட்ஸ்அப்பில் சுற்றும் பழைய அட்டவணைப் படத்தை நம்பாமல், பதிவுப் பக்கத்தில் அந்தத் தேதிக்கு இருக்கை காட்டுகிறதா என்று பாருங்கள். வாரத்தில் எல்லா நாளும் கப்பல் இருப்பதில்லை.

பெயரைப் பதியும்போது கடவுச்சீட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக ஒரு வரியிலும் நம் பெயர் இன்னொரு வரியிலும் இருக்கும். அலுவலகத்தில், பாங்கில் எல்லாம் இனிஷியலோடு எழுதிப் பழகியிருப்போம். டிக்கெட்டில் இனிஷியல் வேண்டாம். கடவுச்சீட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே இரண்டு வரியையும் போடுங்கள். விசாவிலும் அதே எழுத்துக்கூட்டல்தானா என்று ஒரு தடவை ஒத்துப்பாருங்கள்.

கப்பல் ரத்தானால் காசு திரும்புமா, வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்பதைக் கட்டணம் செலுத்தும் முன் வாசித்துவிடுங்கள். ரத்தாகும் தகவல் பெரும்பாலும் போனுக்குத்தான் வரும். அதனால் முகவரின் எண்ணைக் கொடுக்காமல் பயணம் செய்பவரின் சொந்த எண்ணையே கொடுங்கள்.

மாற்று வழியும் பக்கத்திலேயே இருக்கிறது. காங்கேசன்துறைக்கு மிக அருகில்தான் பலாலி. அங்கிருந்து சென்னைக்கு விமானம் உண்டு. 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும் தொடங்கினார்கள். கப்பல் ரத்தானால் திரும்பக் கொழும்புக்கு வந்து கட்டுநாயக்க போவதைவிட பலாலியில் இடம் இருக்கிறதா என்று உடனே பார்ப்பது புத்தி. திருச்சியில் இறங்கினால் தஞ்சை, நாகைப் பக்கத்துக்கு ரயிலும் பஸ்ஸும் தாராளமாக இருக்கின்றன.

பெட்டியில் என்ன, எவ்வளவு

இலவசமாக அனுமதிக்கும் எடையும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. டிக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுதான் கணக்கு. கூடினால் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். கப்பல்தானே, விமானம் போல் எடை பார்க்கமாட்டார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். தராசு அங்கேயும் இருக்கிறது. போகும்போது பாதிப் பெட்டியாகப் போங்கள், வரும்போது தானாக நிறைந்துவிடும்.

பெரிய பெட்டி தனியாகப் போய்விடும் என்பதால் கைப்பையில் கடவுச்சீட்டு, அதன் பிரதி, மருந்து, மருந்துச்சீட்டு, ஒரு மாற்றுடுப்பு, தண்ணீர், ஒரு மெல்லிய போர்வை அல்லது சால்வை வையுங்கள். உள்ளே குளிரூட்டி ஓடும்.

உறவுக்குக் கொண்டுபோகப் பனங்கட்டி, ஒடியல் மா, நன்றாகக் காய்ந்து கட்டிய மிளகாய்த்தூள் இவற்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. செடி, கிழங்கு, விதை, பச்சை இறைச்சி, மீன் வேண்டாம். ட்ரோனும் சற்றலைட் போனும் கொண்டுபோகவே கூடாது; இந்தியாவில் சற்றலைட் போனுக்கு அனுமதி இல்லாவிட்டால் வழக்கு வரும். தங்கத்தில் நீங்கள் வழக்கமாகப் போடும் அளவோடு நில்லுங்கள். இந்த நீரிணையில் தங்கம் கடத்திப் பிடிபட்ட செய்தி வராத மாதம் குறைவு. அதனால் சுங்கம் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும், பார்க்கத்தான் வேண்டும். யாராவது துறைமுகத்தில் வந்து "தம்பி, இந்தப் பார்சலை மட்டும் அக்கரையில் ஒருத்தர் வந்து வாங்குவார்" என்றால், எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காசைப் பொறுத்தவரை, வெளிநாட்டவர் இந்திய ரூபாய் நோட்டைக் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அமெரிக்க டொலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றுங்கள். கொழும்பில் உரிமம் பெற்ற நாணயமாற்றுக் கடையில் வாங்கி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தேநீர்க் கடை வரைக்கும் எல்லோரும் போனில் ஸ்கான் செய்துதான் காசு கொடுக்கிறார்கள். நம்முடைய பாங்க் செயலி அதில் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கையில் சில்லறை நோட்டு வேண்டும்.

கொழும்பிலிருந்து காங்கேசன்துறை

கப்பல் காலையில் நாகையில் இருந்து புறப்பட்டு நண்பகலில் இங்கே வந்து, மதியத்துக்குப் பிறகு இங்கிருந்து திரும்பும். வழக்கமான ஓட்டம் இதுதான். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே துறைமுகத்தில் இருக்கச் சொல்வார்கள். அதாவது முற்பகலிலேயே நீங்கள் கே.கே.எஸ்.ஸில் நிற்க வேண்டும். கொழும்பில் அன்று விடியற்காலை ரயில் ஏறினால் இது சரிவராது. யாழ்ப்பாணம் போய்ச்சேரவே மதியம் ஆகிவிடும்.

ஆகவே இரண்டு வழி. ஒன்று, முதல்நாள் இரவு பஸ். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இரவு எட்டு மணி தாண்டினால் யாழ்ப்பாண பஸ்கள் வரிசையாக நிற்கும், புறக்கோட்டையிலும் ஏறலாம். விடியும்போது யாழ்ப்பாணம். இரவு தபால் ரயிலும் உண்டு, படுத்தபடி போக விரும்புகிறவர்கள் அதைப் பார்க்கலாம். ரயில் இருக்கைகள் ஒரு மாதத்துக்கு முன்பே திறக்கும், பள்ளி விடுமுறையிலும் நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் அன்றைக்கே முடிந்துவிடும். வடபாதையில் புயலாலோ திருத்த வேலையாலோ ரயில் நிற்பதுண்டு. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் நாட்டின் ரயில் பாதைகளை எப்படிப் புரட்டிப் போட்டது என்று பார்த்தோம். ரயில் டிக்கெட் வாங்கியிருந்தாலும் ஒரு பஸ் காரரின் எண் போனில் இருக்கட்டும்.

இரண்டாவது வழிதான் என் தேர்வு: ஒரு நாள் முன்பே போய் யாழ்ப்பாணத்தில் தங்குவது. இரவு பஸ்ஸில் தூங்காமல் வந்து, அதே உடம்போடு கடலில் நாலு மணி நேரம் ஆடினால் பாதிப்பேருக்கு வாந்திதான். அம்மா அப்பாவோடு போகிறவர்களும் குழந்தைகளோடு போகிறவர்களும் தயவுசெய்து இந்த ஒரு நாளைச் செலவழியுங்கள். காலை யாழ்தேவியிலோ நகர்சேர் கடுகதியிலோ போனால் பகல் வெளிச்சத்தில் வன்னியைப் பார்த்துக்கொண்டே போகலாம். 2015 ஜனவரியில் இருந்து ரயில் மறுபடி காங்கேசன்துறை வரையே போகிறது. முன்னதாக வந்து சேர்ந்தால் பின்னேரம் கீரிமலைக் கேணியில் ஒரு முழுக்குப் போட்டு நகுலேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வரலாம். துறைமுகத்தில் இருந்து சில கிலோமீட்டர்தான். போகிற வழியில் மாவிட்டபுரம் கோயிலும் இருக்கிறது. 1990இல் இடம்பெயர்ந்த சனங்களின் வீடுகள் இன்னும் கூரையில்லாமல் நிற்பதையும் அந்தப் பாதையில் பார்ப்பீர்கள்.

யாழ் நகரத்தில் இருந்து துறைமுகம் 20 கிலோமீட்டருக்குள்தான். கே.கே.எஸ். வீதியில் பஸ் அடிக்கடி ஓடும். பெட்டி இருந்தால் ஓட்டோ பேசிக்கொள்ளுங்கள். காலைச் சாப்பாட்டை நகரத்திலேயே முடித்துவிடுங்கள், துறைமுக வாசலில் பெரிய கடைகள் இல்லை. சாப்பாடு என்றால் இட்லி, பாண், வாழைப்பழம் போதும். கறித் தோசையும் மிளகாய்ச் சம்பலும் திரும்பி வரும்போது சாப்பிடலாம்.

துறைமுகமும் கடலும்

டிக்கெட், கடவுச்சீட்டு, விசா மூன்றையும் வாசலில் பார்ப்பார்கள். பிறகு பொதி எடை, சுங்கம், குடியகல்வு, கடைசியில் கப்பல். விமான நிலையம் போன்ற அதே வரிசைதான், ஆட்கள் குறைவு. ஆனால் கொஞ்சம் மெதுவாக நகரும். துறைமுகத்துக்குள் படம் எடுக்காதீர்கள். கடற்படையும் பக்கத்தில் இருக்கிறது.

வாந்தி வரும் உடம்புள்ளவர்கள் மருந்துக்கடையில் பயணக் குமட்டலுக்கான குளிசையை முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பு போட்டுக்கொள்ளுங்கள். கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. கர்ப்பிணிகள், பிரஷர், சலக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும். இருக்கை தெரிவு கிடைத்தால் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. முன்பக்கம் அலையோடு ஏறி விழும். போனில் படம் பார்ப்பது, வாசிப்பது இரண்டும் குமட்டலைக் கூட்டும். ஜன்னல் வழியே தொலைவில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள். உலர்ந்த இஞ்சித் துண்டு ஒன்று வாயில் கிடந்தால் பலருக்கு உதவுகிறது.

அலைதாங்கியைத் தாண்டியதும் கப்பல் வேகம் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் போனில் இலங்கைச் சிக்னல் போய்விடும், கரையும் மறையும். வீட்டுக்குச் சொல்லவேண்டியதை அதற்குள் சொல்லிவிடுங்கள். கடிகாரத்தை மாற்றத் தேவையில்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். நாகை நெருங்கும்போது மீன்பிடி விசைப்படகுகள் தென்படத் தொடங்கும். பிறகு கப்பல் கடுவையாற்று முகத்துவாரத்துக்குள் திரும்பும். இரண்டு பக்கமும் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் மீனவர் படகுகள் நெருக்கியடித்து நிற்க, அவற்றுக்கு நடுவே கப்பல் மெல்ல நகரும். 2004 சுனாமியில் மிக மோசமாக அடிபட்ட கரை இது. அந்தப் பத்து நிமிடம் வெளியே பார்க்கத் தவறாதீர்கள்.

நாகையில் இறங்கிய பிறகு

இறங்கிக் குடிவரவு, சுங்கம் முடிந்து வெளியே வரும்போது மாலை ஆகிவிடும். எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், யார் வீடு என்று கேட்பார்கள். முகவரியையும் தொலைபேசியையும் தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள், இந்திய சிம் இல்லாமல் போனைத் திறந்து தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். வெளிநாட்டவருக்கான இணையவழி வருகைப் படிவத்தை இந்தியா 2025 அக்டோபரில் கொண்டுவந்தது. புறப்படுவதற்கு முதல்நாள் அதை நிரப்பி ஒரு படமாகச் சேமித்து வையுங்கள்.

முதல் இரவை நாகையிலோ வேளாங்கண்ணியிலோ நாகூரிலோ கழிப்பது நல்லது. ஒன்றைக் கவனியுங்கள்: இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் லொட்ஜ் காரர் அந்த விவரத்தை அரசுக்குப் பதிய வேண்டும். அந்த வேலைக்குப் பயந்து சிறிய லொட்ஜ்கள் இலங்கைக் கடவுச்சீட்டைப் பார்த்ததும் அறை இல்லை என்று சொல்லிவிடும். தமிழில் பேசியபடி உள்ளே போய்விட்டு, கடவுச்சீட்டை நீட்டும்போது அந்த ஏமாற்றம் வருவது மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும். அதனால் அறை பதியும்போதே "இலங்கைக் கடவுச்சீட்டு, இடம் தருவீர்களா அண்ணா" என்று போனில் கேட்டுவிடுங்கள்.

சிம் வாங்கக் கடவுச்சீட்டு, விசாப் பிரதிகளும் படமும் கேட்பார்கள், இயங்கத் தொடங்க நேரமும் எடுக்கும். முதல் ஒன்றிரண்டு நாளுக்கு இங்கிருந்தே ரோமிங் போட்டுக்கொண்டு போங்கள்.

மேலே போவதற்குக் குறையில்லை. தஞ்சைக்கு, திருவாரூருக்கு, சிதம்பரத்துக்கு பஸ் ஓடிக்கொண்டே இருக்கும். சென்னைக்கு, காரைக்காலில் இருந்து நாகை வழியாக இரவில் போகும் கம்பன் எக்ஸ்பிரஸ் வசதி. இந்திய ரயில் பதிவுக்கு இந்திய எண் இருந்தால் சுலபம் என்பதால் அங்குள்ள உறவைக் கொண்டு முன்கூட்டியே போடச் சொல்லுங்கள். ஆனால் கப்பல் வரும் அதே இரவு ரயிலுக்கு மட்டும் போடாதீர்கள். கப்பல் இரண்டு மணி நேரம் பிந்தினால் அந்த டிக்கெட் வீண். மறுநாளுக்குப் போடுங்கள், நாகையில் ஒரு காலைப்பொழுது கிடைக்கும். ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு இராசராச சோழன் ஊர் எழுதிக்கொடுத்த துறைமுகம் அது. ஆயிரம் வருடத்துக்கு முன் பௌத்தரும் சைவரும் ஒரே கடற்கரையில் இருந்த ஊரை, நம் நாட்டில் இருந்து போகிறவர்கள் ஒரு தடவையாவது நின்று பார்க்கவேண்டும்.

திரும்பும்போது

விசா முடியும் கடைசி நாளில் திரும்பும் டிக்கெட் போடவே கூடாது. கடல் கொந்தளித்துக் கப்பல் இரண்டு நாள் நின்றால், தவறு உங்களுடையது இல்லை என்றாலும் விசா தாண்டித் தங்கியவர் ஆகிவிடுவீர்கள். குறைந்தது நாலைந்து நாள் மிச்சம் வையுங்கள். திரும்பிய மறுநாளே வேலைக்குப் போகவேண்டியவர்கள் அலுவலகத்தில் ஒரு நாளைக் கூடுதலாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாகையில் காலைக் கப்பல் என்பதால் விடியற்காலையே துறைமுகத்தில் நிற்க வேண்டும், முதல்நாள் இரவு அந்த ஊரில்தான் தங்கியாக வேண்டும். சேலை, பாத்திரம், புத்தகம் என்று வாங்கியவற்றின் எடையை லொட்ஜிலேயே ஒரு தடவை பார்த்துக் கூடுதலுக்கான ரூபாயை ஒதுக்கி வையுங்கள். ஒரே மாதிரிச் சேலை இருபது இருந்தால் காங்கேசன்துறைச் சுங்கத்தில் வியாபாரம் என்றுதான் எடுப்பார்கள். கல்யாணச் சேலைகள் என்றால் கடை ரசீதுகளை மேலாகவே வையுங்கள்.

நண்பகலில் கே.கே.எஸ்.ஸில் இறங்கினால், சுங்கம் முடிந்து பின்னேரத்துக்குள் யாழ்ப்பாணம் வந்துவிடலாம். கொழும்புக்கான இரவு பஸ் அன்றைக்கே கிடைக்கும். கப்பலில் ஏறுவதற்கு முன் யாழ்ப்பாணத்து உறவுக்கு ஒரு கோல் எடுத்து, கப்பல் நாகையில் இருந்து புறப்பட்டது உறுதியான பிறகு அந்த இருக்கையைப் பதிந்துகொள்ளச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.